முழங்காலுக்குக் கீழே நாலு விரல்

கஹவத்தை பஸ் நிலையத்திலிருந்து சந்தைக்குத் திரும்பும் மூலையில் அவருடைய தையல் கடை இருந்தது. அவரிடம் தைக்கக் கொடுத்த யாருக்கும் கேட்டது கிடைத்ததில்லை. கேட்டதைவிட நல்லதாகக் கிடைத்ததால் பெரும்பாலானவர்கள் சண்டைக்குப் போகவில்லை. போன சிலரும், கடைக் கண்ணாடிக்கு முன்னால் ஒருதரம் போட்டுப் பார்த்துவிட்டு, கொண்டுபோன வார்த்தைகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

டெய்லர் நானா என்றுதான் ஊர் முழுக்கக் கூப்பிட்டது; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது எங்கள் பக்க வழக்கம். நாம் என்ன வேண்டும் என்று சொல்லத் தொடங்கும்போதே அவர் நாலைந்து குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொள்வார். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் "ம்" மட்டும்தான். கை நீளம் வேணும், ம். கழுத்து ஏறி நிக்கணும், ம். பிறகு அவர் தன் எண்ணப்படி தைத்துவைப்பார். ஏன் நானா, அன்றைக்கு எல்லாத்துக்கும் ம் என்றீங்களே என்று கேட்டால், "நான் எப்ப ஓம் எண்டு சொன்ன? ஊசி வாயில இரிக்கக்குள்ள மனிசனுக்குப் பேச ஏலுமா?" என்பார்.

எங்கள் ரப்பர் தோட்டத்து அலுவலகப் பெரிய கிளாக்கர் காற்சட்டைக்கு இடுப்பு முப்பத்திரண்டு என்று எழுதச் சொல்வார். நானா அவருக்குத் தெரியும்படி கொப்பியில் பெரிதாக முப்பத்திரண்டு என்று எழுதுவார். தைப்பது முப்பத்தாறு. கல்யாணத்தன்று இருந்த இடுப்பு இன்றைக்கும் அப்படியே இருப்பதாகக் கிளாக்கர் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று இரத்தினபுரிக்குப் போனவர், அங்கே ஒரு துணிக்கடையில் முப்பத்திரண்டில் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறார். தொடை வரைக்கும்தான் ஏறியது. அடுத்த வாரமே பஸ் ஏறி வந்தார். சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தோம். இன்னும் மூன்று காற்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அதே முப்பத்திரண்டு.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் உபதேசியாருக்கும் ஒரு கதை உண்டு. வெள்ளைச் சட்டைக்கு ஒரே ஒரு பை போதும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைப் போட்ட மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வாசகம் வாசிக்க எழுந்தவர் வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தடவினார். நெஞ்சின் உட்பக்கத்தில் கண்ணாடி அளவுக்கே ஒரு இரகசியப் பை கையில் தட்டுப்பட்டது. அன்று முதல் அவர் கண்ணாடியைத் தொலைக்கவில்லை. கேளாத பைக்கு நன்றி சொல்வதா கோபிப்பதா என்று தெரியாமல், நானாவின் கடையைத் தாண்டும்போது வெறுமனே தொண்டையைச் செருமிவிட்டுப் போவார்.

"வாய் ஒரு அளவு சொல்லும், ஒடம்பு ஒரு அளவு சொல்லும். நான் ஒடம்புக்குத்தான் தெய்க்கிற" என்பது அவருடைய கட்சி. எங்கள் அம்மாவிடம் அந்தக் கட்சி என்ன பாடுபட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அம்மா ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவள். நான் அப்போது கஹவத்தையில் ஒரு ஃபார்மசியில் வேலை செய்தேன். என் தங்கை ஜெசிந்தா தோட்டத்துப் பாடசாலையில் உயர்தரம் படித்துக்கொண்டு தடைதாண்டி ஓட்டம் ஓடினாள். பாடசாலையில் உண்மையான தடைகள் இல்லை. விளையாட்டு மிஸ் மூங்கிலை வெட்டிக் கட்டிக் கொடுத்தார். ஒரு பக்கம் சரிந்த மைதானத்தில் ஜெசி அவற்றின் மேல் பறப்பதைப் பார்க்க, பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் வேலியோரம் வந்து நிற்பார்கள்.

அம்மா அவள் ஓடுவதைத் தடுக்கவில்லை. ஆனால் முழங்கால் தெரியக் கூடாது. காலோடு ஒட்டுகிற நீளமான விளையாட்டு உடுப்பு இருக்கிறதே என்று மிஸ் சொல்லிப் பார்த்தார். அது காலுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று அம்மா மறுத்துவிட்டாள். "நம்மள ஏற்கனவே தோட்டத்து ஆளுங்கன்னு ஒரு மாதிரி பாக்குறாங்க. பேசுறதுக்கு இன்னொன்னையும் நாமளே குடுக்கணுமா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் மூன்று பேரும் நீலத் துணியோடு நானாவின் கடைக்குப் போனோம். அம்மா ஜெசியை நிறுத்தி, தன் நாலு விரலையும் அவள் முழங்காலுக்குக் கீழே வைத்துக் காட்டினாள். இந்த அளவு. ஒரு விரல் குறைந்தாலும் எடுக்க மாட்டேன். நானா குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு "ம்" என்றார்.

அம்மா கருவாடு வாங்கச் சந்தைப் பக்கம் போனதும் ஊசிகள் வெளியே வந்தன.

"அம்மாட அளவு எடுத்தாச்சி. இனி ஓட்டத்துட அளவ எடுப்பம். கால எம்புட்டுக்குத் தூக்கோணும் மகள்?"

ஜெசி கடைக்குள்ளேயே தூக்கிக் காட்டினாள். ஸ்டூல் ஒரு பக்கம் விழுந்தது, இஸ்திரிப்பெட்டி மயிரிழையில் தப்பியது. நானா நாடாவைப் பிடித்து, காலை அளக்காமல், கால் போன உயரத்தை அளந்தார்.

அம்மா வந்து எடுப்பதற்கு முதல் நாள் மாலை, பஸ்சுக்குப் போய்க்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தார். காற்சட்டை அழகாக இருந்தது. தொடை நடுவில் சுற்றிவர ஒரு வெள்ளைப் பட்டி. கீழ்விளிம்பு முழங்காலுக்குக் கீழே நாலு விரல் வரும். அவர் வெள்ளைப் பட்டியை ஒரு நகத்தால் நெம்பி, உள்ளே இருந்த நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று ஒரே இழுவை. காற்சட்டையின் ஒரு காலில் கீழ்ப்பாதி கழன்று அவர் மடியில் விழுந்தது. மற்றக் காலும் அப்படியே. மேலே மிச்சமிருந்தது, ஓடுகிறவர்கள் போடும் கட்டைக் காற்சட்டை.

கோதுமை மா மூட்டையின் வாயைத் திறக்கும்போது நூல் வருமே, அந்தத் தையல். பக்கத்து மிளகுக் கடையில் மூட்டை தைக்கும் மெஷினை இரவல் வாங்கி, நூலை மாத்திரம் மெல்லியதாக மாற்றித் தைத்திருந்தார். ஓடப் போகும்போது இழுக்க வேண்டும். ஓடி முடிந்ததும் துண்டுகளை அவரிடம் கொண்டுவர வேண்டும். வீட்டுக்குப் போவதற்குள் திரும்பத் தைத்துத் தருவார்.

அடுத்த நாள் அம்மா தன் விரல்களை வைத்துச் சரிபார்த்தாள். நாலு விரல், குறையாமல். ஊரிலேயே சொன்ன பேச்சுக் கேட்கிற ஒரே டெய்லர் நானாதான் என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னாள். அவர் வாயில் ஊசி இருந்தது.

வலயப் போட்டி, மாவட்டப் போட்டி, மாகாணப் போட்டி என்று மூன்று முறை அந்த நூல் இழுக்கப்பட்டது. மூன்று முறையும் கட்டைக் காற்சட்டையையும் இரண்டு நீலத் துண்டுகளையும் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நான் கடைக்குப் போனேன். ஐந்தரை பஸ் வருவதற்குள் அவர் ஒட்டிக் கொடுத்துவிடுவார். அம்மாவுக்கு வேலை நாள் என்பதால் ஒரு போட்டிக்கும் வர முடியவில்லை. மாகாணத்தில் ஜெசி இரண்டாவதாக வந்தாள். அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்பு போக வேண்டும் என்று மிஸ் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அம்மா அந்தக் கடிதத்தை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, தான் வருவதாகச் சொன்னாள். மகள் ஓடுவதை ஒருநாளாவது பார்க்க வேண்டும். அவள் மட்டுமில்லை, அப்பா, பக்கத்து வீட்டுச் செல்வியக்கா, கோயில் ஆட்கள் என்று பதினான்கு பேர், ஒரு வேன். "டெய்லர் நானாவையும் கூப்புடு. அவரு தச்சதப் போட்டுத்தான் புள்ள ஜெயிச்சிச்சு."

நான் போய்ச் சொன்னபோது அவர் வாயிலிருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. குனிந்து பொறுக்கிக்கொண்டே யோசித்தார். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அதற்கென்ன அவசரம் என்றார். ஓட்டம் பதினாறு செக்கன்தானே. அந்தப் பதினாறு செக்கனும் அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வேறு பக்கம் பார்க்கும்படி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். இதுதான் எங்கள் திட்டம். எனக்கும் அப்போது அது திட்டமாகத்தான் தெரிந்தது.

விடிவதற்கு முன் வேன் புறப்பட்டது. அம்மா நானாவைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். பெல்மதுளை தாண்டியதும் தொடங்கினாள்: இந்தக் காலத்தில் எல்லாரும் தங்கள் இஷ்டத்துக்குத் தைக்கிறார்கள், சொன்னதைச் சொன்னபடி செய்ய ஒரு மனம் வேண்டும், அது நானாவிடம் இருக்கிறது. அவிசாவளை வரைக்கும் அவர் கண்ணாடிக்கு வெளியே ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் ஜெசி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். தூங்குகிறாள் என்று அப்பா நினைத்து, தன் துவாயை அவள்மேல் போர்த்தினார்.

கொழும்பு மைதானத்தில் சிவப்புத் தடமும் கொள்ளாத சனமும். முன்வரிசையில் கம்பிவலையை ஒட்டி இடம் பிடித்தோம். ஜெசி மிஸ்ஸோடு போய்விட்டாள். தடத்தில் பெண்பிள்ளைகள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாருமே கட்டைக் காற்சட்டை. அம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"பாவம் புள்ளைங்க. இதுகளுக்கெல்லாம் ஒரு நல்ல டெய்லர் கெடைக்கல" என்றாள்.

நானாவுக்குப் புரையேறிவிட்டது. குடித்துக்கொண்டிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது.

முதல் சுற்றுக்குப் பேர் கூப்பிடத் தொடங்கியபோதுதான் ஜெசி, எங்கள் ஆட்களுக்குத் தள்ளி ஒரு மூலையில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஓடிவந்தாள். நான் எழுந்து போனேன். அவள் கையில் முழு நீளத்துக்கு உருவப்பட்ட நூல் இருந்தது. காற்சட்டையோ முழங்காலுக்குக் கீழே நாலு விரலில் அப்படியே தொங்கியது.

"அக்கா, நூல் வந்திருச்சு. துணி வர மாட்டேங்குது."

நானாவும் வந்து குனிந்து பார்த்தார். வெள்ளைப் பட்டிக்குள்ளே அவருடையதல்லாத ஒரு தையல் ஓடியிருந்தது. நெருக்கமான, சின்னச்சின்ன கைத்தையல், நைலோன் நூலில், இரண்டு வரிசை. இரண்டு காலிலும்.

என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டு அம்மாவும் வந்துவிட்டாள். அந்தத் தையலைப் பார்த்து நாங்கள் திகைப்பதை அவள் வேறு மாதிரி விளங்கிக்கொண்டாள். புறப்படுவதற்கு முதல் நாள் இஸ்திரி போடும்போது ஒரு நூல் தொங்கியதாம். நானாவின் தையல் விடப்போகிறதே, கொழும்பில் போய் அவிழ்ந்தால் பிள்ளைக்கு வெட்கமாகிவிடுமே என்று, இருந்து தைத்துப் பலப்படுத்தினாளாம். அதைச் சொல்லும்போது நானாவின் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னாள்.

அப்பா அந்த நேரம் பார்த்து வேன் டிரைவரோடு கழிப்பறை தேடிப் போயிருந்தார். தப்பித்துக்கொள்ள யாருக்கும் ஒரு வழியும் இல்லை. நானாவின் வாயில் அன்றைக்கு ஊசியும் இல்லை.

"தங்கச்சி, அது அவிழத்தான் வேணும். நான் அப்பிடித்தான் தெச்ச" என்றார். "ஓடக்குள்ள கீழ்ப்பாதிய கழட்டுற. முடிஞ்சதும் திருப்பி ஒட்டுற. மூணு போட்டிக்கும் அப்பிடித்தான். புள்ளைகள்ட பிழை இல்ல. முழுக்க என்ட வேல."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. நான் சாப்பாட்டுப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். எதற்காக மறைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. உள்ளே காலைச் சாப்பாட்டில் மிஞ்சிய பாணும் சம்பலும்தான் இருந்தன.

"அம்மா, இதோட ஓடுனா நான் விழுந்துருவேன்" என்றாள் ஜெசி.

ஓடுவதற்கு ஏன் விழ வேண்டும் என்று அம்மா கேட்டாள். ஜெசி கையைக் காட்டினாள். எங்களுக்கு நேரே, தடத்தின் குறுக்கே, தடைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா வலையில் கையை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தாள். ஹர்டில்ஸ் என்று நாங்கள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது ஓட்டத்தின் பெயர் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இதையா தாண்டுற?"

"ஆமாம்மா."

"எத்தன?"

"பத்து."

அந்தப் பக்கம் பேர்ப்பட்டியலோடு நின்ற அதிகாரி மாத்தயா "இக்மன் கரன்ன" என்று அவசரப்படுத்தினார். நானா அவரிடம் சிங்களத்தில், ஒரு நிமிடம், உடுப்பில் சின்னப் பிசகு, ஒரே ஒரு நிமிடம் என்று கெஞ்சினார்.

அம்மா நானாவிடம் கையை நீட்டினாள். "கத்திரிய குடுங்க."

அவர் சட்டைப்பையில் நூல் வெட்டும் சின்னக் கத்திரிக்கோல் எப்போதும் இருக்கும். ஜெசி தொடையை வலையோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். அம்மா மண்டியிட்டு, வலைக் கண்ணுக்குள் விரல்களை விட்டு வெட்டத் தொடங்கினாள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவியெடுத்துப் பழகிய கை அது. துணியில் ஒரு இடத்திலும் படாமல் நூலை மட்டும் வெட்டிக்கொண்டு போனாள். நானா மேலே நின்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"தையல் என்டா இது தையல். நல்லா இரிக்கி, தங்கச்சி."

"வாய மூடிக்கிட்டு இருங்க நானா."

ஒரு கால் முடிந்தது. மற்றக் காலில் பாதி வெட்டியதும் மாத்தயா திரும்பவும் கத்தினார். அம்மா கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள். ஜெசி காலை உருவிக்கொள்ள, துண்டு வலைக்கு அடியால் அம்மாவின் கையோடு வந்தது. ஜெசி திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவள் தொடையில் வெள்ளைப் பட்டி ஒரு பக்கம் கழன்று காற்றில் ஆடியது.

துப்பாக்கி வெடித்ததும் அம்மாவுக்கு வேறு பக்கம் பேச்சுக் கொடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. ஜெசி ஐந்தாவது தடையில் மூன்றாவதாக இருந்தாள், எட்டாவதில் இரண்டாவது. அப்படியே முடித்தாள். அம்மா கத்தவில்லை, கைதட்டவில்லை. பத்துத் தடைக்கும் பத்து முறை மூச்சை உள்ளே இழுத்தாள். அதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

மதியம் சோற்றுப் பார்சல் பிரித்தபோது அம்மாவின் மடியில் இரண்டு நீலத் துண்டுகளும் மடித்து வைத்தபடி இருந்தன. செல்வியக்கா அவற்றைப் பார்த்துவிட்டு, அதென்ன, ஜெசியின் காற்சட்டை காலையில் நீளமாகத்தானே இருந்தது என்று இழுத்தார். செல்வியக்காவின் காதுக்குப் போனால், வேன் தோட்டத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். நானாவும் நானும் சோற்றைப் பிசைவதை நிறுத்தினோம்.

"வெயிலு கூடிப்போச்சு. நான்தான் வெட்டி விட்டேன்" என்றாள் அம்மா. "பருப்ப இங்குட்டுத் தள்ளுங்க."

மாலையில் இறுதிப் போட்டி. ஜெசி ஏழாவது தடையில் காலைத் தட்டிக்கொண்டாள். ஆனாலும் விழவில்லை. நாலாவதாக வந்தாள். மூன்றாவது பிள்ளைக்கும் அவளுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. செல்வியக்கா ஃபோனில் எடுத்த வீடியோவில் அவர் விரல்தான் பாதி மறைத்திருக்கிறது; அந்த ஒரு சாண் மட்டும் துல்லியமாகத் தெரியும். ஜெசி அழுதுகொண்டு வந்தபோது அம்மா அப்பாவின் துவாயை வாங்கி, அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே துவாயை அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். தொடை நடுவில் இருந்த விளிம்பு மறைந்தது. "நல்லாத் தாண்டுன" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும்போது நானா முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டார். அம்மா கஹவத்தை வரைக்கும் அவரோடு பேசவில்லை. இறங்கும்போது அவர் போயிட்டு வாரன் என்றார். அம்மா வேனின் கதவை மூடினாள்.

இரண்டு வாரம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் அம்மா மெரூன் நிறத்தில் பிளவுஸ் துணியோடு நேரே அவர் கடைக்கு வந்தாள். நான் ஃபார்மசியிலிருந்து பார்த்துவிட்டு ஓடிப்போனேன். கை முழங்கை தாண்ட வேண்டும், கழுத்து இவ்வளவு ஏற வேண்டும், இடுப்பில் காற்றுப் புகக் கூடாது. நானா குண்டூசிப் பெட்டியை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். அம்மா பெட்டியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"சரின்னு சொல்லுங்க."

"சரி, தங்கச்சி."

ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். வெட்டியதிலிருந்து பட்டன் தைத்தது வரைக்கும், இரண்டு தேநீர் நேரம் அசையவில்லை. அவரும் சொன்னதைச் சொன்னபடி, ஒரு நூல் கூடாமல் குறையாமல் தைத்துக் கொடுத்தார். அப்படி அவர் தைத்த ஒரே உடுப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனோம். அம்மாவால் கையை மார்புக்கு மேல் தூக்க முடியவில்லை. சிலுவை அடையாளம் போடுவதற்கு நெற்றியைக் கையிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. பாட்டு முடிந்து உட்காரும்போது எங்கேயோ டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து பிளவுஸைக் கழற்றி மடித்து வைத்தாள். நாலு நாள் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் காலை, நான் பஸ்சுக்குப் புறப்படும்போது, அதைப் பத்திரிகைத்தாளில் சுற்றி என் பைக்குள் வைத்தாள்.

"அவரு இஷ்டப்படி என்னமாச்சும் செய்யச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

நானா பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்து, அதே மெரூனில் இன்னொரு பிளவுஸை எடுத்து என்னிடம் நீட்டினார். எதிர்க்கடையில் அதே துணி வாங்கி, அன்றைக்கு அம்மா எழுந்து போனதுமே தைத்து வைத்திருக்கிறார்.

"ரெண்டு நாள்ல வரும் எண்டு நெனச்ச. ஒங்கட அம்மாக்கு வைராக்கியம் கூட" என்றார்.

அம்மா அதை அறைக்குள் போட்டுப் பார்த்தாள். கதவிடுக்கால் நான் பார்த்தேன். கையைப் பக்கவாட்டில் தூக்கினாள், மேலே தூக்கினாள், தலைக்குப் பின்னால் கொண்டுபோனாள். வெளியே வந்து, பரவாயில்லை, பழையதையே கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார் போலிருக்கிறது என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்த மெரூன் பிளவுஸைத்தான் போட்டிருந்தாள். பூசை முடிந்து கஹவத்தை பஸ் நிலையத்துக்கு வந்தோம். நானா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் தோட்டத்துப் பஸ் வளைவில் வந்தது. அது நிலையத்துக்குள் வந்து நிற்கிற பஸ். யாரும் கைகாட்டத் தேவையில்லை. அம்மா இரண்டு அடி முன்னால் போய், கையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியுமோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி, பஸ் நின்று கதவு திறக்கும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தாள்.